இந்த உயரம் எங்கிருந்து வந்தது?

முப்பரிமாண நகர மாதிரியைத் திரையில் போட்டுச் சுற்றிக் காட்டினால் கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. வான்படம் போர்த்திய கட்டடங்கள் அவ்வளவு தத்ரூபமாக இருக்கும். சர்வே தொழிலில் இருக்கும் எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: உயரத்தை எப்படி எடுத்தீர்கள்?

வரைபடத்தில் கட்டடத்தின் எல்லைக்கோடு இருக்கும், உயரம் இருக்காது. மாடிக் கணக்கை 3 மீட்டரால் பெருக்கிப் பெட்டி பெட்டியாக எழுப்பிவிடலாம். தோற்றம் பார்க்க அது போதும். அதையே அளந்த உயரம் என்று கொடுப்பதுதான் வம்பு.

அளப்பதென்றால் அடுத்தடுத்த வான்படங்களுக்கு 60 சதவீதமாவது ஓவர்லாப் வேண்டும், அதாவது ஒரு படத்தில் விழுந்த இடத்தில் அவ்வளவு பங்கு அடுத்ததிலும் விழ வேண்டும். ஒரே மொட்டைமாடி இரண்டு படங்களில் எவ்வளவு இடம் மாறித் தெரிகிறதோ, அதிலிருந்துதான் உயரம் வருகிறது. நெருக்கமான தெருக்களுக்கு 80 வரை வைப்போம், காரணம் கட்டடங்கள் தெருவை மறைக்கும். 1000 மீட்டர் உயரத்தில் பறக்கும் கேமராவின் நேர்க்கீழிலிருந்து 500 மீட்டர் தள்ளி 30 மீட்டர் கட்டடம் நின்றால், அதன் உச்சி படத்தில், தரைக் கணக்கில் சுமார் 15 மீட்டர் வெளிப்பக்கம் சாய்ந்து விழும். பின்னால் உள்ள தெரு காணாமலே போய்விடும்.

சென்னையில் இன்னொரு சிக்கல். ஜிபிஎஸ் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து எடுத்ததல்ல; கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு நீள்கோள வடிவத்திலிருந்து எடுத்தது. இங்கே கடல்மட்டம் அந்த வடிவத்துக்கு 80 மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது; இந்த வித்தியாசம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறவும் செய்யும். தெரு மைனஸில் நின்றால் யாருக்கும் உடனே தெரிந்துவிடும். ஊர் முழுக்க ஒரே எண்ணைக் கூட்டிச் சரிக்கட்டிவிட்டால் மிச்சப் பிழை கண்ணுக்கே தெரியாது. வெள்ளக் கணக்கில் அரை அடியும் பெரிய விஷயம்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரும் கேட்பது வெள்ளம் எங்கே எவ்வளவு ஏறும் என்று காட்டும் மாதிரி. அதற்குக் கூரையைவிட முக்கியம் பிளின்த் உயரம்: வாசற்படி தெருவைவிட எவ்வளவு மேலே? மேலிருந்து நேராக எடுத்த படம் அதைக் காட்டாது. பழைய தாரைச் சுரண்டாமல் ரோட்டின்மேல் ரோடு போட்டதில் எத்தனையோ வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. தெருவில் இறங்கி அளப்பதுதான் வழி. இந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

நெதர்லாந்தின் 3டிபேக் தொகுப்பில் நாட்டின் கட்டடங்கள் எல்லாமே முப்பரிமாணத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசின் கட்டடப் பதிவேட்டு எல்லைக்கோட்டோடு விமான லேசர் அளவைச் சேர்த்துச் செய்தது. எனக்குப் பிடித்தது அதில் ஒவ்வொரு கட்டடத்தோடும் அதன் பிழை அளவையும் கொடுத்திருப்பது. நம் டெண்டர்களிலும் உயரம் அளந்ததா ஊகித்ததா, எந்த மட்டத்திலிருந்து, எவ்வளவு பிழை என்று கட்டடவாரியாகக் கேளுங்கள்.