624 எண்கள் போதும்

கணினிக்குக் குருட்டாம்போக்கு என்பதே தெரியாது. ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடைதான் தரும். ஆனாலும் அறிவியல் கணிப்பில் இருப்பவரும் இணையப் பாதுகாப்பில் இருப்பவரும் அதனிடம் ஓயாமல் கேட்பது சமவாய்ப்பு எண்களைத்தான். முதல் துறையிலிருந்து இரண்டாவதற்கு மாறும் பொறியாளர் தம் பழைய கருவியையும் கூடவே கொண்டுபோனால் வம்பு.

1940களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் ஸ்டானிஸ்லாவ் உலாமும் ஜான் வான் நியூமனும் மான்டி கார்லோ முறையை உருவாக்கினார்கள். நியூட்ரான்களின் போக்கைச் சமன்பாட்டால் தீர்ப்பது கடினம். எனவே ஒவ்வொரு திருப்பத்தையும் சமவாய்ப்பு எண்ணிடம் விட்டுப் பல நியூட்ரான்களை ஓடவிட்டு, சராசரி பார்த்தார்கள். இதற்கு எண்கள் சீராகப் பரவியிருக்க வேண்டும். 1960களில் ஐபிஎம் கணினிகளில் புழங்கிய 'ராண்டு' என்ற எண் உருவாக்கி இதில் கோட்டைவிட்டது. அதன் எண்களை மும்மூன்றாக எடுத்து முப்பரிமாணப் புள்ளிகளாக வைத்தால், அத்தனையும் வெறும் 15 தளங்களில் போய் அடங்கிவிடும்.

மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1998இல் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர் என்ற எண் உருவாக்கியில் இந்தக் குறை இல்லை. அதன் வரிசை முதலிலிருந்து திரும்பத் தொடங்குவதற்குள் வரும் எண்களின் எண்ணிக்கையை எழுதவே 6,002 இலக்கங்கள் வேண்டும். தொடக்க எண்ணைக் குறித்துவைத்தால் அதே வரிசை மறுபடி கிடைக்கும். ஆய்வு முடிவைப் பிறர் சரிபார்க்க இது பெரிய வசதி.

தாக்குபவருக்கும் அதே வசதிதான். மெர்சென் ட்விஸ்டர் தன் நினைவில் வைத்திருப்பது 32 பிட் அளவுள்ள 624 எண்கள். ஒவ்வொன்றின் பிட்டுகளையும் கொஞ்சம் கலைத்து வெளியே விடுகிறது. அந்தக் கலைப்பைப் பின்னோக்கிப் பிரித்துவிடலாம். தொடர்ந்து 624 எண்களைப் பார்த்துவிட்டால் உள்நிலை முழுவதும் கைக்கு வந்துவிடும். ஓர் இணையதளம் கடவுச்சொல் மீட்புக் குறியீடுகளை இதைக் கொண்டு உருவாக்கினால், அடுத்து வரும் குறியீடு எது என்பது, அது பிறக்கும் முன்பே தெரிந்துவிடும். பைத்தான் நிரல்மொழியின் 'ரேண்டம்' தொகுப்பு இதன்மேல்தான் நிற்கிறது. ரகசியங்களுக்கென்று 'சீக்ரெட்ஸ்' என்ற தனித் தொகுப்பு 2016இல்தான் சேர்ந்தது. என் கணக்கில் அது ரொம்பத் தாமதம்.

பாதுகாப்பான வழி வேறு. விசைப்பலகை, வட்டு போன்ற வன்பொருள்கள் செயலியை அழைக்கும் குறுக்கீடுகள் நிகழும் நேரத்தில் உள்ள நுண்ணிய ஏற்ற இறக்கங்களை இயங்குதளம் சேகரித்துக் கலக்கி, அதிலிருந்து ஒரு ரகசியச் சாவியை உண்டாக்குகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் சாசா20 என்ற மறையாக்க முறை அந்தச் சாவியைக் கொண்டு எண்களை உமிழ்கிறது. எத்தனை எண்களைப் பார்த்தாலும் சாவிக்குத் திரும்பிப் போக நடைமுறையில் வழியில்லை.

ஆனால் அடியில் இருக்கும் சேகரிப்பு வற்றிப்போனால் எந்த மறையாக்கமும் காப்பாற்றாது. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியனில் 2006இல் ஒரு சோதனைக் கருவியின் எச்சரிக்கையை அடக்குவதற்காக, மறையாக்கச் சாவிகளை உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு வரிகளை நீக்கினார்கள். அதன்பின் சாவியைத் தீர்மானிக்க மிஞ்சியது, ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் தரும் செயல்முறை எண் மட்டுமே. அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். உருவான சாவிகளைத் தனித்தனியே எந்தப் புள்ளியியல் சோதனைக்கு உட்படுத்தினாலும் குறை தெரிந்திருக்காது. 2008 மே மாதம்தான் இது வெளியே வந்தது. நிரலைத் திருத்தியது சில நிமிட வேலை. அந்த இடைவெளியில் பிறந்த சாவிகளை எல்லாம் தேடிப்பிடித்துத் தூக்கி எறிவதுதான் நிர்வாகிகளின் தலையில் விழுந்தது.