சாத்தான் பெயரைச் சொன்னாலும் மத விலக்கு கிடைக்குமா? அமெரிக்கச் சட்டம் சொல்வது

அமெரிக்காவில் சாத்தானிக் டெம்பிள் என்றொரு அமைப்பு இருக்கிறது, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் ஊரில் தலைமையகம். பெயரைக் கேட்டதும் பலி, சூனியம் என்று மனசு ஓடும். ஆனால் சாத்தான் என்று ஒருவன் நிஜத்தில் இருப்பதாகவே இவர்கள் நம்புவதில்லை. அதிகாரத்துக்குப் பணியாததன் அடையாளமாக அவனை எடுத்துக்கொண்டு, இரக்கம், அவரவர் உடல் அவரவருக்கே என்பதுபோல ஏழு கொள்கைகள் வைத்திருக்கிறார்கள். 2019-இல் அமெரிக்க வருமான வரித்துறை இதைச் சர்ச் என்றே ஏற்று வரிவிலக்குக் கொடுத்தது.

வரிவிலக்கு வேறு, ஒரு சட்டத்திலிருந்து 'என் மதம் தடுக்கிறது, என்னை விட்டுவிடு' என்று கேட்கும் மத விலக்கு வேறு. இரண்டாவதுக்கு அடிப்படை 1993-இல் வந்த மதச் சுதந்திர மீட்புச் சட்டம். அதற்கு மூன்று வருடம் முன்னால், பூர்வகுடிச் சர்ச் சடங்கில் பெயோட்டி என்ற போதைக் கள்ளியை உட்கொண்டதால் வேலை போன இருவருக்கு ஓரிகன் மாநிலம் வேலையிழப்பு உதவித்தொகையை மறுத்தது. எல்லாருக்கும் பொதுவான சட்டத்தில் தனி விலக்குக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1997-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு இந்தச் சட்டம் மத்திய அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தும், பல மாநிலங்கள் தங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டுக்கொண்டன.

நீதிமன்றம் முதலில் பார்ப்பது, நம்பிக்கை உளப்பூர்வமானதா என்பதை. அது உண்மையா, அறிவுக்குப் பொருந்துகிறதா என்று கேட்கவே கூடாது. இந்தியானாவில் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவர், பீரங்கி வண்டிக்குப் பாகம் செய்ய மாட்டேன் என்று வேலையை விட்டுவிட்டு வேலையிழப்பு உதவித்தொகை கேட்டார். அதே மதத்தைச் சேர்ந்த இன்னொருவர் அதே ஆலையில் அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார். 'உங்க ஆளே செய்கிறாரே' என்ற வாதம் செல்லாது என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்புதான் இதில் எல்லாம் பெரியது. நம் நம்பிக்கை சரியா என்று ஒரு நீதிபதி மார்க் போட ஆரம்பித்தால் முதலில் அடிபடுவது சின்ன மதங்கள்தான்.

அடுத்து, அரசு விதி அந்த நம்பிக்கையைப் பெரிதாக நெருக்குகிறதா? ஆமென்றால், விதிக்கு மிக முக்கியமான காரணம் இருப்பதையும், அதற்கு வேறு இலகுவான வழி இல்லை என்பதையும் அரசுதான் நிரூபிக்க வேண்டும். சிறைக்கைதிகளுக்கு இதே பரிசோதனையை 2000-இல் வந்த இன்னொரு சட்டம் தருகிறது. அர்கன்சாஸ் சிறையில் முஸ்லிம் கைதி ஒருவர் அரை அங்குலத் தாடிக்கு அனுமதி கேட்டார், தாடிக்குள் எதையாவது ஒளித்துவைப்பார் என்றது சிறை. தோல் நோய் உள்ளவர்களுக்கு அதே சிறை கால் அங்குலம் விட்டிருந்தது, தலைமுடிக்கும் அப்படிப் பயப்படவில்லை. 2015-இல் கைதி ஜெயித்தார். அந்த 2000 சட்டம் செல்லும் என்று 2005-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன ஒஹையோ வழக்கில், வழக்குப் போட்ட கைதிகளில் சாத்தானியரும் உண்டு.

ஆனால் உளப்பூர்வம் மட்டும் போதாது. 2015-இல் மிசூரியில் கருக்கலைப்புக்குப் போன சாத்தானிக் டெம்பிள் உறுப்பினர் ஒருவர், கருத்தரித்த நொடியிலேயே உயிர் தொடங்குகிறது என்ற அரசுக் கையேட்டைத் தருவதும் 72 மணி நேரம் காக்கவைப்பதும் தன் மதத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். கையேட்டைப் படித்தே ஆக வேண்டுமென்று யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று 2019-இல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்த மூன்று நாள் காத்திருப்பு ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய நெருக்கடி என்பதை நீதிமன்றம் போதுமான அளவு எடைபோடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்புறம் வேலையிடம். அங்கே 1964 குடிமை உரிமைச் சட்டம் வரும், 15 பேராவது வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும். ஞாயிறு வேலைக்கு வர மறுத்த தபால்காரர் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் அளவுகோலை மாற்றியது: சின்னச் சிரமத்தைக் காட்டி முதலாளி மறுக்க முடியாது, தொழிலுக்குக் கணிசமான செலவு ஆகும் என்று காட்ட வேண்டும். அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் பண்டிகை விடுப்போ, தலைப்பாகையோ, சைவச் சாப்பாடோ கேட்பதும் இதே சட்டத்தின் கீழ்தான். காரணத்தைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம், பல மாநிலங்களில் 300 நாள் வரை நேரம் உண்டு, கட்டணம் எதுவும் இல்லை.