ஒட்டகத்துக்குப் புற்றுநோய் வந்தபோது

நெஞ்சக நோய் மருத்துவராக நான் பார்க்கிற புகைப்பழக்கக்காரர்கள் யாருக்கும் சிகரெட் கெடுதல் என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. "முதல் சிகரெட்டை ஏன் பற்றவைத்தீர்கள்?" என்று கேட்டால்தான் பேச்சு உண்மையில் தொடங்குகிறது. ருசியை யாரும் சொல்வதில்லை. முதல் இழுப்பில் இருமல்தான் வந்திருக்கும். கெத்து, பெரியவனாகிவிட்ட உணர்வு, நண்பர்கள் வட்டம் என்பார்கள். இதில் எதுவும் புகையிலைக்குள் கிடையாது. பெரும்பாலும் விளம்பரம் அதன்மேல் ஏற்றிவைத்தது.

எவ்வளவு சின்ன வயதில் இது பதிகிறது தெரியுமா? அமெரிக்காவில் கேமல் சிகரெட்டுக்கு ஜோ கேமல் என்ற கார்ட்டூன் ஒட்டகத்தை வைத்து விளம்பரம் செய்தார்கள். 1991இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வில், 6 வயதுக் குழந்தைகளில் சுமார் 91 சதவீதம் பேர் அந்த ஒட்டகத்தைச் சிகரெட்டோடு சரியாகப் பொருத்தினார்கள். மிக்கி மவுஸையும் ஏறக்குறைய அதே அளவில்தான் அடையாளம் கண்டார்கள். அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள்!

இப்படிப் பதிந்த படத்தைப் புள்ளிவிவரம் சொல்லி அகற்ற முடியாது. அதே படத்தைத்தான் கையில் எடுக்க வேண்டும். ஸ்காட் பிளவுஸ் என்ற உளவியல் பேராசிரியர் ஜோ கேமலை 'ஜோ கீமோ' ஆக்கினார். கீமோ என்றால் புற்றுநோய்க்குத் தரும் கீமோதெரபி மருந்துச் சிகிச்சை. மிடுக்காகத் திரிந்த ஒட்டகம், புற்றுநோய் வந்து மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றியபடி இருக்கிறது. கனடாவின் 'ஆட்பஸ்டர்ஸ்' இதழ் 1996இல் அதை வெளியிட்டது. பார்த்தவருக்கு அப்புறம் பழைய ஒட்டகம் நினைவுக்கு வந்தால் இதுவும் கூடவே வரும்.

கலிபோர்னியாவில் அரசே இதைச் செய்தது, அதுவும் புகையிலை வரிப் பணத்தில். அந்தி வெளிச்சத்தில் குதிரை மேல் இரண்டு கௌபாய்கள். கௌபாயைக் காட்டியே விற்ற மார்ல்பரோ சிகரெட்டின் விளம்பரம் என்றே தோன்றும். "பாப், எனக்கு எம்பிசீமா வந்திருக்கிறது" என்கிறார் ஒருவர். நுரையீரலின் காற்றுப்பைச் சுவர்கள் சிதைந்துபோகும் நோய் அது. சிதைந்தது திரும்ப வளராது. முற்றிய நிலையில் சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்குவார்கள். ஆண்மைக்கும் சுதந்திரத்துக்கும் அடையாளமாகக் காட்டிய மனிதனின் வாயாலேயே அந்த நோயின் பெயரைச் சொல்லவைத்தார்கள். எங்கள் எச்சரிக்கைத் துண்டறிக்கை எதற்கும் இந்த வலு இல்லை.

சிகரெட் மட்டுமல்ல, முகக்கிரீம், கைபேசி, கார் எல்லாவற்றுக்கும் விளம்பரத்தின் வழி ஒன்றுதான்: முதலில் உன்னிடம் ஏதோ குறைகிறது என்று நம்பவைப்பது, பிறகு அந்தக் குறைக்கு ஒரு பொருளை நீட்டுவது. அதனால்தான் இளைஞர்கள் வந்தால் ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். பிடித்த விளம்பரம் ஒன்றை எடுத்து, படத்தை அப்படியே விட்டு, வாசகத்தை மட்டும் உண்மையாக மாற்றி எழுதச் சொல்கிறேன். பழவாசனை மின்சிகரெட் விளம்பரத்துக்குக் கீழே ஒரு மாணவர் எழுதினார்: "நாளைக்குக் கண் விழித்ததும் என்னைத்தான் தேடுவாய்." நிகோட்டின் அடிமைத்தனத்தை அளக்க நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே, எழுந்து எத்தனை நிமிடத்தில் புகைக்கிறீர்கள் என்பதுதான்! யாரும் சொல்லித்தராமல் அவரே அங்கே வந்து சேர்ந்தார்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சில பகடிகள் புகைப்பவரையே முட்டாளாகக் காட்டுகின்றன. அதைப் பார்த்துக் கூனிக் குறுகுபவர் பழக்கத்தை மறைப்பார், அடுத்த முறை சிகிச்சைக்கு வரமாட்டார். ஜோ கீமோ குறிவைத்தது நிறுவனத்தின் பொம்மையை. கிளினிக் சுவரில் ஒட்ட யாராவது சுவரொட்டி கொண்டுவந்தால், கேலிக்கு ஆளாவது விற்றவரா, வாங்கியவரா என்று பார்த்துவிட்டுத்தான் சரி என்கிறேன்.