சாட்சி சொல்வதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

"டாக்டர், ஜெபத்தில் குணமாகிவிட்டாள் என்று சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்லிவிட்டோம். இனி எப்படி ஊசி போடுவது?"

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். உள்ளே அவருடைய மகள் மூச்சிரைத்துக் கிடந்தாள். வயது 19. முதல் வகை நீரிழிவு. ஐந்து நாட்களாக இன்சுலின் போடவில்லை. ரத்தச் சர்க்கரை 500-ஐத் தாண்டியிருந்தது. வாயில் கனிந்து அழுகிய பழத்தின் வாடை. இந்தத் தொழிலில் அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். மூன்று நாள் போராட்டத்துக்குப் பிறகு பிழைத்துக்கொண்டாள்.

இதே காரணத்தால் இந்த ஆண்டில் என்னிடம் வந்து சேர்ந்தவர்களில் இவள் மூன்றாவது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முதல் இரண்டு குடும்பங்களிடமும் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினேன். பொறுமை தீர்ந்ததால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். குரல் சற்று உயர்ந்து கேட்டால் மன்னியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானும் விசுவாசிதான். வார்டுக்குள் நுழையும் முன் ஜெபித்துவிட்டே நுழைகிறேன். நோயாளிக்காகப் போதகர் வந்து ஜெபிக்கும்போது திரையை இழுத்துவிட்டு வெளியே நிற்பவன் நான். ஆகவே இதை வேதத்துக்கு வெளியே நின்று பேசும் ஒருவனின் புலம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு நடந்தது இதுதான். நோய் கண்டுபிடிக்கப்பட்டு இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில் அவளுக்குத் தேவையான அளவு மளமளவென்று குறைந்தது. சர்க்கரை சீராக இருந்தது. எங்கள் வழக்கில் இதற்குத் தேனிலவுக் காலம் என்றே பெயர். கணையத்தில் இன்சுலின் சுரக்க மிஞ்சியிருக்கும் செல்கள் கொஞ்ச காலத்துக்குக் கை கொடுக்கும். சில மாதங்கள், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். பிறகு முடிந்துவிடும். இதை முதல் நாளே அவர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் சர்க்கரை சீரான அதே வாரத்தில் உபவாச ஜெபம் நடந்தது. ஜெபத்துக்கு மறுநாள் சர்க்கரை அளவு அழகாக வந்தது. மேடை ஏறினார்கள், சாட்சி சொன்னார்கள், சபை கைதட்டி ஸ்தோத்திரம் செலுத்தியது. "விசுவாசத்தோடு ஊசியை நிறுத்தினால்தான் அற்புதம் முழுமையாகும்" என்று யாரோ காதில் ஓதினார்கள். யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

இன்சுலின் முதன்முதலாக ஒரு மனிதனுக்குச் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில். பதினான்கு வயதுச் சிறுவனுக்கு. அதற்கு முன் இந்த நோய் கண்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்களோ ஓரிரு வருடங்களோ தள்ளிப்போடுவார்கள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளுக்காகவும் தாய்மார்கள் முழங்காலில் நின்றிருப்பார்கள் அல்லவா? அந்த ஜெபங்களுக்குக் கிடைத்த பதில்தான் இந்தச் சின்னக் குப்பி என்று நான் நம்புகிறேன். நீங்கள் அப்படி நம்பவேண்டும் என்பதில்லை. குப்பியைக் குப்பையில் போடாமல் இருந்தால் போதும்.

இப்போது சாட்சிக்கு வருகிறேன். மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு ஒரு குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்குகிறார். அரைகுறைக் குணம் அல்ல, உடனே நீங்கியது என்றே எழுதியிருக்கிறது. அப்படிக் குணமானவனிடம் அவர் சொன்னது என்ன? ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாதே. போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி. மோசே கட்டளையிட்டதை அவர்களுக்குச் சாட்சியாகச் செலுத்து. சாட்சி என்ற சொல் அங்கேதான் வருகிறது, பரிசோதனைக்குப் பிறகு. அந்தப் பரிசோதனை எப்படிப்பட்டது என்று லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களைப் புரட்டிப் பாருங்கள். சந்தேகமான தழும்பு என்றால் ஏழு நாள் தனியே வைத்திருந்து மறுபடி பார்க்கவேண்டும். தெளிவில்லை என்றால் இன்னும் ஏழு நாள். நிறம் மாறியதா, பரவியதா, ரோமம் வெளுத்ததா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பு. குணமானவனைச் சேர்த்துக்கொள்ளவும் ஏழு நாள் காத்திருந்து எட்டாம் நாள்தான் காணிக்கை. நான் "பத்து நாள் கழித்து வாருங்கள்" என்றால் முகம் சுளிப்பவர்கள் ஆரோன் வீட்டு ஆசாரியர்களிடம் என்ன பாடுபட்டிருப்பார்களோ!

அந்த மனிதன் கேட்டானா? கேட்கவில்லை. ஊரெல்லாம் பறைசாற்றினான். அதனால் இயேசு வெளிப்படையாகப் பட்டணத்துக்குள் போக முடியாமல் வனாந்தரமான இடங்களில் தங்கவேண்டியதாயிற்று என்று அடுத்த வசனம் சொல்கிறது. அவசரச் சாட்சியால் ஊழியம் தடைபட்டது என்று வேதமே பதிந்து வைத்திருக்கிறது. இந்த வசனத்தை வைத்து ஒரு பிரசங்கம்கூட இதுவரை நான் கேட்டதில்லை.

என்னை அதிகம் சோர்வடையச் செய்வது யூதாவின் ஆசா ராஜா. மருந்தே விசுவாசக் குறைவு என்று சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் அவரைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். "ஆசா கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான், செத்துப்போனான், பார்த்தீர்களா டாக்டர்?" பார்த்தேன். 2 நாளாகமம் 16-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்தே பார்த்தேன். நீங்களும் பன்னிரண்டாம் வசனத்தை மட்டும் பிய்த்தெடுக்காமல் முதலிலிருந்து வாசியுங்கள். இஸ்ரவேலின் ராஜா படையெடுத்து வந்தபோது ஆசா கர்த்தருடைய ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியாவின் ராஜாவுக்கு அனுப்பித் துணை தேடினான். அது தவறு என்று சொன்ன ஞானதிருஷ்டிக்காரனைக் காவலறையில் அடைத்தான். ஜனங்களில் சிலரைக் கொடுமைப்படுத்தினான். அதற்குப் பிறகு, அவனுடைய 39-ஆம் வருஷத்தில், காலில் வியாதி வருகிறது. (கால் என்றதும் சர்க்கரையா என்று யோசிப்பது என் தொழில் புத்தி; வேதம் அதைச் சொல்லவில்லை.) வியாதியிலும் அவன் கர்த்தரைத் தேடவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அந்தப் படையெடுப்பில் தேடாதவன் இதிலும் தேடவில்லை. வைத்தியரிடம் போனதே பாவம் என்றால், இயேசு ஏன் "பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியதேயல்லாமல் சுகமுள்ளவர்களுக்கு வேண்டியதில்லை" என்று தம்மையே வைத்தியருக்கு ஒப்பிடப்போகிறார்? பவுல் ஏன் லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று எழுதப்போகிறார்?

மரணப்படுக்கையிலிருந்த எசேக்கியா ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2 இராஜாக்கள் 20-இல் தேவன் நேரடியாக வாக்குக் கொடுக்கிறார்: உன்னைக் குணமாக்குவேன், மூன்றாம் நாளில் ஆலயத்துக்குப் போவாய், பதினைந்து வருஷம் கூட்டுவேன். இதைவிடத் தெளிவான வாக்குத்தத்தம் நம்மில் யாருக்கு வந்திருக்கிறது? அதைச் சுமந்து வந்த ஏசாயா அடுத்ததாகச் சொன்னது, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் வையுங்கள் என்பதுதான். வாக்கு வந்தபின்னும் பற்றுப்போட்டார்கள். ஏசாயாவுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்காவது துணிவு உண்டா?

பவுலின் சரீரத்திலிருந்த துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டபோது வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19-இல் இருக்கிறது. அதே பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்குத் துணி அனுப்பவில்லை. கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று எழுதினார். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தார். தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக (தன்னை விட்டு நீங்காத வேதனையை அவர் அப்படித்தான் சொல்கிறார்) மூன்று முறை வேண்டிக்கொண்டு, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலோடு வாழ்ந்தார். இவர்களில் யாரையும் அவர் கடிந்துகொண்டதாக இல்லை. நம் ஜெபக்குழுக்களில் இருந்திருந்தால் தீமோத்தேயுவுக்கு நல்ல அர்ச்சனை கிடைத்திருக்கும்.

"அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற ஏசாயா 53-இன் வசனத்தை நான் மறுக்கவில்லை. மத்தேயு எட்டாம் அதிகாரமே அந்த ஏசாயா பகுதியைச் சரீர வியாதிகளோடு இணைத்துப் பேசுகிறது. ஆனால் அந்த வசனத்தில் மாத்திரையை நிறுத்து என்று எங்கே இருக்கிறது? நாமே சேர்த்துக்கொண்ட நிபந்தனை அது. தேவாலயத்து உப்பரிகையில் நின்று பிசாசு இயேசுவிடம் சங்கீதம் 91-ஐத்தான் மேற்கோள் காட்டினான், "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்களைச் சாமர்த்தியமாக விட்டுவிட்டு. கீழே குதித்து நிரூபி என்றான். இன்சுலினை நிறுத்தி நிரூபி என்பதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இயேசு கொடுத்த பதில் உங்களுக்கே தெரியும்: உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதே.

இன்னொரு தொல்லை, நோய் இருப்பதை வாயால் 'அறிக்கை' செய்யமாட்டேன், அதாவது ஒப்புக்கொள்ளமாட்டேன், என்பது. "ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா?" என்று கேட்டால், "இயேசுவின் நாமத்தில் ஒன்றுமில்லை" என்று பதில் வரும். பையில் ரத்தக்கொதிப்பு மாத்திரை இருக்கும். அறுவைசிகிச்சைக்கு முன் மயக்க மருந்து நிபுணர் கேட்கும்போதும் இதே பதில்தான். ஐயா, அம்மா, அவர் கேட்பது உங்கள் விசுவாசப் பிரமாணத்தை அல்ல. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெரும்பாடுள்ள (தீராத உதிரப்போக்குள்ள) பெண் தனக்கு நேரிட்டதை எல்லாம் இயேசுவின் முன் விழுந்து உள்ளபடியே சொன்னாள். நீங்களும் உள்ளபடி சொல்லுங்கள்.

அதே பெண்ணைப் பற்றி எங்கள் கூட்டத்துக்கும் ஒன்று. அநேக வைத்தியர்களால் மிகவும் வருத்தப்பட்டு, கையிலிருந்ததை எல்லாம் செலவழித்து, முன்பைவிட மோசமானாள் என்று மாற்கு போட்டு உடைக்கிறார். வைத்தியரான லூக்கா அதே கதையைச் சொல்லும்போது, ஒருவராலும் குணமாக்க முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். தொழில் பாசம்! மாற்கு எழுதியது இன்றும் பொருந்தும் என்பதை மறுக்கமாட்டேன். முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டு எழுதுகிற மருத்துவர்களிடமிருந்துதான் மக்கள் பாதி நேரம் தப்பித்து ஓடுகிறார்கள்.

மனநோய் மருந்துகளைப் பற்றி மென்மையாகவே சொல்ல விரும்புகிறேன். மனச்சோர்வு உள்ளவரிடம் "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனத்தை எடுத்து நீட்டாதீர்கள். தீர்க்கதரிசி எலியா கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்டவர். அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்கிறார். அவருக்குப் பிரசங்கம் வரவில்லை. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர்; மறுபடி தூக்கம், மறுபடி உணவு. நீ போகவேண்டிய பயணம் வெகுதூரம் என்றார் தூதன். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். வேலை செய்யத் தொடங்கியதும் "நன்றாக இருக்கிறேனே" என்று நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பது அதனால்தான்.

உபவாசத்துக்கு வருகிறேன். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் உபவாசம் இருக்க நினைத்தால் ஒரு வாரம் முன்பே வந்து சொல்லுங்கள். சில மருந்துகளோடு பட்டினி சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சில புதுவகை மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை நீங்களாக முடிவு செய்யவேண்டாம். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் சாப்பிடாத நாளிலும் இன்சுலினை முழுவதும் நிறுத்தவே கூடாது. கைநடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே இனிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். உபவாசம் முறிந்ததே என்று அழவேண்டாம். தானியேல் மூன்று வாரம் ருசியான உணவையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும்தான் விட்டார் என்று பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்படியும் இருக்கலாம். பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு என்கிற ஏசாயா 58-இன் உபவாசத்துக்கு என் அனுமதியே தேவையில்லை.

வலிப்பு மாத்திரை, நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டு, செயற்கை இதய வால்வு உள்ளவர்களின் ரத்த உறைவுத் தடுப்பு மருந்து, காசநோய் மருந்து: இவற்றில் எதையும் யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் சொன்னதாக யாராவது சொன்னாலும் என்னிடம் நேரில் கேளுங்கள்.

போதகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எண்ணெய் பூசி ஜெபியுங்கள், யாக்கோபு சொன்னபடியே செய்யுங்கள். சாட்சி சொல்ல வருகிறவரிடம் மேடைக்கு ஏற்றுமுன் "மருத்துவரிடம் காட்டினீர்களா? என்ன சொன்னார்?" என்று மட்டும் கேளுங்கள். உண்மையிலேயே குணமாகியிருந்தால் பரிசோதனை அதைக் கெடுத்துவிடாது. மருந்தைக் குறைக்கலாம் என்றால் நாங்களே குறைப்போம்; ஒருவரின் மருந்தை நிறுத்துவதைப்போல் மகிழ்ச்சியான வேலை எங்களுக்கு வேறில்லை.

அந்தத் தாயின் கேள்விக்கு அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. மகள் வீடு திரும்பும் நாளில் மறுபடி கேட்டார், இந்த முறை மெதுவாக. சபையில் என்ன சொல்வது என்பதை நானும் சேர்ந்தே யோசிக்கிறேன், அடுத்த வாரம் போதகரையும் அழைத்து வாருங்கள் என்றேன். மகள் அதற்குள் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, செவிலியர் பார்த்துக்கொண்டிருக்க, ஊசியில் அளவைத் திருகிக்கொண்டிருந்தாள்.