பழைய பாய்மரப் படகுக்குக் கட்டுப்படியான இன்சூரன்ஸ்: எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது

நான் மலேசியாவின் லங்காவித் தீவில் படகுகளை ஆய்வு செய்யும் சர்வேயர். படகுக்காரர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான். பாலிசி புதுப்பிக்கும் தேதி நெருங்கியிருக்கும், கம்பெனி சர்வே ரிப்போர்ட் கேட்டிருக்கும். நான் படகில் ஏறி டார்ச் விளக்கை எடுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "எந்தக் கம்பெனியில் மலிவாகக் கிடைக்கும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் கம்பெனியை மாற்றிப் பார்த்து மிச்சமாகும் பணம் கொஞ்சம். படகு எங்கே, எந்த மாதத்தில், யார் கையில், என்ன நிலையில் இருக்கிறது, நஷ்டம் வந்தால் அதில் எவ்வளவை நீங்களே தாங்கிக்கொள்வீர்கள் என்பவைதான் பிரீமியத்தை முடிவு செய்கின்றன. இவற்றில் எதை வைத்தும் பேரம் பேசலாம். விண்ணப்பப் படிவத்தில் எழுதும் உண்மையை வைத்து மட்டும் பேசக் கூடாது.

விலை ஏன் ஏறியது என்று முதலில் பார்த்துவிடுவோம். 2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து கரீபியன் தீவுகளைப் புரட்டிப் போட்டன. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பாய்மரப் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மறு ஆண்டே லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை, நஷ்டம் கொடுக்கும் பிரிவுகளைச் சரி செய்யுங்கள் அல்லது மூடுங்கள் என்று ரிஸ்க்கை ஏற்கும் தன் குழுக்களான சிண்டிகேட்டுகளை நெருக்கியது. யாட், அதாவது உல்லாசப் படகுக் காப்பீடு, அப்படி அடிபட்ட பிரிவுகளில் ஒன்று. சில சிண்டிகேட்டுகள் அதை அப்படியே விட்டுவிட்டன. புரோக்கரின் பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும், பின்னால் இருந்து ரிஸ்க்கை ஏற்பவர்கள் உலகம் முழுக்க ஒரு சிலர்தான். அட்லாண்டிக்கில் அடித்த புயலுக்கு அந்தமான் கடலில் நிற்கும் படகுக்காரரும் காசு கட்டுவது இதனால்தான். பிறகு 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் கரியாகு தீவைத் தாக்கியது. புயல் பருவத்தில் படகை ஓர் எல்லைக் கோட்டுக்குத் தெற்கே கொண்டுபோய்விட்டால் போதும் என்று பல பாலிசிகள் வகுத்திருந்த பாதுகாப்பான பக்கம் அது. அந்தக் கோட்டையும் இனி நம்ப முடியாது என்றானது.

எங்கள் பக்கத்துக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. லங்காவி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஆறு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. புயல் இவ்வளவு தெற்கே இறங்குவது அபூர்வம். 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியது, ஆனால் அது விதிவிலக்கு. ஆகவே "ஆண்டு முழுக்க உலகம் முழுக்க" என்று பாலிசி எடுக்காமல், மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் கடல் என்று எல்லையைச் சுருக்கிக் கேளுங்கள். இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் ஆண்டில் அந்தப் பயணத்துக்கு மட்டும் நீட்டிப்பு வாங்கிக்கொள்ளலாம். மழைக்காலம் முழுக்கப் படகைக் கரையேற்றி வைப்பவர் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். கடலில் இல்லாத மாதங்களுக்குக் கட்டணம் குறையும். ஒன்று மட்டும்: அந்த மாதங்களில் "ஒரு வாரம்தானே, புக்கெட் போய் வரலாம்" என்று கிளம்பினால் பாலிசி உங்களோடு வராது.

புயலுக்குப் பதிலாக எங்களுக்கு இருப்பது மின்னல். மலாக்கா நீரிணையில் இதற்குப் பஞ்சமே இல்லை. பக்கத்துப் படகின் பாய்மரத்தில் விழுந்தால்கூட உங்கள் படகின் ஆட்டோபைலட், ரேடியோ, காற்றளவி என்று வரிசையாகப் போகும். சில கருவிகள் அன்றைக்கு வேலை செய்துவிட்டு மாதக் கணக்கில் கழித்துச் சாகும். அதனால் மின்னலுக்குத் தனியாகக் கூடுதல் கழிவுத்தொகை (நஷ்டத்தில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) வைக்கும் பாலிசிகள் உண்டு. மின்னல் விழுந்த படகைக் கண்டிப்பாகத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பாருங்கள். மின்சாரம் வெளியே போகும் வழியில், அடிப்பாகத்துக் குழாய்த் துளைகளைச் சுற்றி, ஊசி நுழையும் அளவு ஓட்டை விழுந்திருக்கலாம்.

கழிவுத்தொகையைப் பற்றிக் கொஞ்சம் கணக்கு. உங்கள் படகு 60,000 டாலர் என்று வைப்போம். 600 டாலர் கழிவுடன் எடுப்பதைவிட 3,000 டாலர் கழிவுடன் எடுத்தால் பிரீமியம் இறங்கும். முறிந்த கைப்பிடிக்கும் கிழிந்த கூடாரத்துக்கும் கிளெய்ம் போட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்வதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் படகின் மதிப்பையே குறைத்து எழுதும் தந்திரம் வேண்டாம். 60,000 பெறும் படகை 35,000 என்று எழுதினால், 36,000 டாலர் பழுது வந்ததுமே கம்பெனி அதை முழு நஷ்டம் என்று கணக்கு முடித்து 35,000 கொடுத்துவிடும். பழுது பார்த்தால் இன்னும் இருபது ஆண்டு ஓடியிருக்கும் படகு கையைவிட்டுப் போய்விடும். அதேபோல், ஒப்புக்கொண்ட மதிப்பா, நஷ்டம் நேர்ந்த அன்றைய சந்தை மதிப்பா என்பதைப் பாலிசியில் தேடிப் பாருங்கள். மலிவாக வரும் பாலிசிகளில் பல இரண்டாவது வகை.

நான் அதிகம் மன்றாடுவது பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்காகத்தான். பத்து, பன்னிரண்டு ஆண்டு தாண்டிய ஸ்டீல் ரிக்கிங் என்றால் கம்பெனிகள் முகம் சுளிக்கின்றன, அல்லது பாய்மரத்தைக் காப்பீட்டிலிருந்தே எடுத்துவிடுகின்றன. அண்மையில் பார்த்த 1980களின் பைபர்கிளாஸ் படகு ஒன்று: மேலே எல்லாம் கண்ணாடிபோல் மினுக்கியிருந்தார்கள். கம்பிகளைப் படகோடு பிணைக்கும் தகடான செயின்பிளேட், தளத்துக்குள் இறங்கும் இடத்தில் மட்டும் தேநீர் சிந்தியதுபோல் ஒரு பழுப்புக் கறை. "துடைத்தால் போய்விடும்" என்றார் உரிமையாளர். உள்ளே பலகையைக் கழற்றி, திருகாணிகளை எடுத்துத் தகட்டை வெளியே இழுத்தோம். ஈரம் தேங்கி, காற்றுப் படாமல் தளத்துக்குள் புதைந்திருந்த அந்த ஓர் அங்குலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கறுத்து, முடி அளவு விரிசல்கள் குறுக்கே ஓடியிருந்தன. கத்தி முனையை வைத்ததும் துணுக்கு பெயர்ந்தது. மேலே தெரியும் பகுதியில் ஒரு கீறல்கூட இல்லை.

ரிப்போர்ட்டில் "கண்காணிக்கலாம்" என்று எழுத முடியுமா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். "மாற்ற வேண்டும்" என்று எழுதி, எட்டுத் தகடுகளின் படத்தையும் சேர்த்தேன். அவர் மாற்றினார், கம்பிகளையும் சேர்த்தே. அதற்கான பில்லையும் படங்களையும் அனுப்பிய பிறகு, முன்பு வேண்டாம் என்ற அதே கம்பெனி பாய்மரத்தையும் சேர்த்துக் காப்பீடு கொடுத்தது. கடுமையான ரிப்போர்ட், கூடவே செய்து முடித்த வேலைக்கான சான்று: கம்பெனியில் ரிஸ்க்கை எடைபோடும் அண்டர்ரைட்டருக்கு இதைவிடப் பிடித்த காகிதம் கிடையாது. எல்லாம் சூப்பர் என்று எழுதிய ரிப்போர்ட்டை அவர்கள் நம்புவதில்லை.

இப்போது சிலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். முப்பது, நாற்பது வயதான படகு, சந்தையில் 25,000 டாலர்கூடத் தேறாது என்றால், படகுக்கான காப்பீட்டையே விட்டுவிடுங்கள். மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்பீடு மட்டும் எடுங்கள். படகுகளை நிறுத்தும் மரீனாக்கள் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். ஸ்பெயினில் 1999 முதல் சட்டமே அதைக் கேட்கிறது. விலையும் முழுக் காப்பீட்டில் சிறு பங்குதான், பல கம்பெனிகள் இதற்கு சர்வேகூடக் கேட்பதில்லை. மிச்சமாகும் பணத்தை ரிக்கிங்கிலும் நல்ல நங்கூரத்திலும் போடுங்கள். ஆனால் மூழ்கிய படகை அகற்றும் செலவு அதில் அடங்கியிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். மரீனா வாசலில் மூழ்கிய படகைத் தூக்க கிரேன் பார்ஜும் முக்குளிப்பாளர்களும் வந்தால், படகின் விலையை அந்தச் செலவு தாண்டிவிடும். இந்தியப் பெருங்கடலின் நடுவிலுள்ள சாகோஸ் தீவுகளில் நங்கூரமிட அனுமதி கேட்கும்போதும் இதற்கான சான்றைக் கேட்பது வழக்கம்.

முழுக் காப்பீடு எடுப்பவர்கள் சிறிய எழுத்துகளைப் படித்தே ஆக வேண்டும். இன்றும் பல பாலிசிகளுக்கு அடிப்படையாக இருக்கும் 1985 ஆம் ஆண்டின் இன்ஸ்டிடியூட் யாட் கிளாஸஸ் என்ற மாதிரி நிபந்தனைகளைப் பாருங்கள். வெளியே பொருத்திய எஞ்சின் களவு போனால், வழக்கமான பிடிப்பு போக தனிப் பூட்டும் போட்டிருந்தால்தான் பணம். கரைக்குப் போய்வரும் சிறு டிங்கிப் படகில் தாய்ப்படகின் பெயர் அழியாதபடி எழுதியிருக்க வேண்டும். டிங்கி கரையில் கட்டியிருந்தால் படகில் ஆள் இல்லை என்று திருடனுக்குத் தெரிந்துவிடும், அதனால் பெயர் எழுத மாட்டோம் என்கிறார்கள் நம் ஆட்கள். யோசனை புரிகிறது, கிளெய்ம் வராது. விரித்திருந்த பாய் காற்றில் கிழிந்தால் அதுவும் உங்கள் செலவு. பாய்மரம் உடைந்தோ, தரைதட்டியோ கிழிந்தால் வேறு கதை.

பாலிசிக்கு எந்த நாட்டுச் சட்டம் என்பதையும் பாருங்கள். பிரிட்டனின் 1906 ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டப்படி, தீயணைப்பான் சர்வீஸ் தேதி தாண்டினாலே, படகு காற்றில் மூழ்கியிருந்தாலும், நிபந்தனையை மீறினீர்கள் என்று கம்பெனி கைவிரிக்க முடிந்தது. 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இதைத் தளர்த்தியது. இந்தியாவின் 1963 ஆம் ஆண்டுச் சட்டம் பழைய மாதிரியில்தான் எழுதப்பட்டது. சென்னையிலோ கொச்சியிலோ பாலிசி எடுப்பவர்கள் நினைவில் வையுங்கள்.

படிவத்தில் மறைக்கத் தோன்றுபவை எனக்குத் தெரிந்தவரை இவைதான்: பழைய கிளெய்ம், வேறு கம்பெனி மறுத்தது, நீங்களே பொருத்திய லித்தியம் பேட்டரி, படகிலேயே குடியிருப்பது, நண்பர்களிடம் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுவது. விபத்து நடந்த பிறகு வரும் சர்வேயர் முதலில் தோண்டுவதும் இவற்றைத்தான். தனியாகக் கடல் கடப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். இரவு பகலாக ஒருவரே ஓட்டும் நீண்ட பயணத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் அனுபவமுள்ள ஆளை ஏற்றிக்கொண்டால் பாலிசியும் கிடைக்கும், தூக்கமும் கிடைக்கும். செங்கடல் வழியை நினைப்பவர்கள் போர் ஆபத்துப் பிரிவைத் தனியாகக் கேளுங்கள். சாதாரண பாலிசியில் அது இருக்காது.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வந்தால், சான்றிதழில் உள்ள காப்பீட்டு நிறுவனத்தின் பெயரை அந்த நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். மலேசியா என்றால் பேங்க் நெகாரா, இந்தியா என்றால் ஐஆர்டிஏஐ. புரோக்கர் அனுப்பும் லிங்க்கை அழுத்திப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது.

அப்புறம், நேரம். பாலிசி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது கிளம்பினால் கிடைத்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். கடல் அனுபவத்தை ஒரு பக்கத்தில் எழுதி, சான்றிதழ், படங்கள், அடுத்த ஆண்டுப் பயணத் திட்டம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். படகை வெளியே தூக்க கிரேனுக்கு முன்பதிவு செய்யும்போதே சர்வேயரையும் சொல்லிவையுங்கள். அடிப்பாகத்தைப் பார்க்க இன்னொரு முறை தூக்கும் செலவு மிஞ்சும். நான் வரும் நாளில் தரைப்பலகைகளுக்கு மேல் இருக்கும் அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன், பாய்ப் பைகளை மட்டும் தயவுசெய்து நகர்த்தி வையுங்கள். படகின் அடிக்கட்டையை உடலோடு பிணைக்கும் கீல் போல்ட்டுகள் அதன் அடியில்தான் இருக்கின்றன.