பின்கட்டுக் கம்ப்யூட்டருக்குப் பழைய ரவுட்டர் வழியாக வைஃபை

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவும் அகலத்தில் குறுகி, உள்ளே நீளமாகப் போகும். இணைய இணைப்பு தெருப்பக்க அறையோடு நின்றுவிடும். பின்கட்டில் டிடிபி வேலை செய்பவரின் கம்ப்யூட்டரிலோ வைஃபை இருக்காது, நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் போர்ட் மட்டும்தான் இருக்கும். நடுவில் வேறு குடித்தனம் இருந்தால் கேபிள் இழுக்கவும் வழியில்லை. பரணில் ஒரு பழைய ரவுட்டர் கிடந்தால் இதற்கு அதுவே போதும்.

ரவுட்டர் என்றால் வைஃபையைப் பரப்பும் பெட்டி என்றே பலரும் நினைக்கிறோம். பல ரவுட்டர்களின் ரேடியோவுக்கு இன்னொரு ரவுட்டரின் வைஃபையில் சேரவும் தெரியும். செட்டிங்கில் 'கிளையன்ட்' (Client) அல்லது 'டபிள்யூஐஎஸ்பி' (WISP) என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, முன்னறை வைஃபையின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதும். அதன் லேன் போர்ட்டில் செருகிய கம்ப்யூட்டருக்கு வைஃபை என்ற ஒன்று நடுவில் இருப்பதே தெரியாது. எனவே அதற்கு வைஃபைக்கான டிரைவர் மென்பொருளும் வேண்டாம்.

சிக்கல் முகவரியில் இருக்கிறது. ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி உண்டு. கிளையன்ட் அனுப்பும் வைஃபை தகவலில் வழக்கமாக மூன்று முகவரிகளுக்கே இடம்: வாங்கும் ரவுட்டர், அனுப்பும் கருவி, போய்ச்சேர வேண்டிய கருவி. பழைய ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரின் முகவரியை எங்கே எழுதுவது? நான்காவது முகவரி சேர்க்கும் முறை உண்டு. ஆனால் இரண்டு ரவுட்டர்களும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். வேறு வேறு கம்பெனி என்றால் பெரும்பாலும் ஒத்துப்போகாது.

அதனால் நாட் (NAT) என்ற முகவரி மாற்றும் வழியே எளிது. ஒண்டுக் குடித்தன வீட்டில் எல்லாக் கடிதமும் ஒரே கதவு எண்ணுக்கு வரும், உள்ளே யாருடையது என்று வீட்டுக்காரர் பிரித்துக் கொடுப்பார் அல்லவா, அதே வேலைதான். பழைய ரவுட்டர் தன் ஐபி முகவரியைப் போட்டே எல்லாவற்றையும் அனுப்பும். எந்தக் கம்ப்யூட்டர் கேட்டது என்பதை, தகவலோடு போகும் போர்ட் எண்ணை (இது கேபிள் செருகும் லேன் போர்ட் அல்ல) வைத்து நினைவில் கொள்ளும்.

முன்னறை ரவுட்டரின் ஐபி முகவரி 192.168.1.1 என்றால் பழையதற்கு 192.168.2.1 கொடுங்கள். மூன்றாவது எண்ணும் ஒன்றாகி இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால் தகவல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ரவுட்டருக்குப் புரியாது. குறை ஒன்று உண்டு: பின்கட்டில் மாட்டிய நெட்வொர்க் பிரின்டர் முன்னறை செல்போனுக்குத் தானாகத் தெரியாது.

அப்புறம், ரவுட்டரை மேசையிலேயே வைக்க வேண்டியதில்லை. லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும். முற்றத்தைப் பார்த்த ஜன்னலில் சிக்னல் நன்றாக இருந்தால் அங்கேயே மாட்டிவிட்டு, கேபிளை மேசைக்கு இழுங்கள். நடுவில் தடித்த சுவர்கள் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸே நல்லது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடும்.