தவறோடு வரும் நோட்டுதான் வேண்டும்

தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குக் காலையில் முதல் வேலை, முந்தின நாள் வீட்டுப்பாட நோட்டுகளைப் பார்ப்பது. அடுக்கில் பல நோட்டுகள் பளிச்சென்று இருக்கும். அடித்தல் திருத்தல் இல்லை, விடை எல்லாம் சரி. உற்றுப் பார்த்தால் ரப்பரால் அழித்த தடம் தெரியும். அதன்மேல் பெரியவர் யாரோ சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதிய விடை இருக்கும். அதை நம்பினால், வகுப்புக்கே புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். புரியாத பிள்ளை அங்கேயே நின்றுவிடும்.

அதனால்தான் பெற்றோர் கூட்டத்தில் நான் தவறாமல் கேட்டுக்கொள்வது இது: வீட்டுப்பாடத்தில் பிள்ளை தவறு செய்தால் அதைத் திருத்தாமல் அனுப்புங்கள். கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஒரே ஒரு கணக்கை வைத்து விளக்குகிறேன்.

இரண்டாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் நடக்கிறது. கணக்கு 53 − 27. விடை 26. மறுநாள் ஒரு நோட்டில் 34 என்று வருகிறது, இன்னொன்றில் 36. இரண்டிலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகரலாம். ஆனால் இந்த இரண்டு பிள்ளைகளின் சிக்கலும் வேறு வேறு.

34 எழுதிய பிள்ளை, 3-இலிருந்து 7 போகாது என்றதும் திருப்பிப் போட்டு 7-இலிருந்து 3-ஐக் கழித்திருக்கிறது. 'பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி' என்று முன்பு கேட்டதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். 36 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். 13-இலிருந்து 7 போக 6 என்று சரியாகவே போட்டிருக்கிறது. ஒரு பத்து போனபிறகு 5 என்பது 4 ஆகிவிட்டதை மட்டும் மறந்துவிட்டது. முதல் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்து எண்ணச் சொல்ல வேண்டும். ஐந்து கட்டும் மூன்று உதிரிக் குச்சியும் கையில் இருக்கும்போது, திருப்பிக் கழிக்க அங்கே வழியே இல்லை. இரண்டாவது பிள்ளைக்கு அவ்வளவு தேவையில்லை. '5-ஐ அடித்துவிட்டு மேலே 4 எழுது' என்று ஒரு தடவை காட்டினால் பெரும்பாலும் போதும்.

கழித்தலில் வரும் தவறுகளில் பல கவனக்குறைவால் வருபவை அல்ல, பிள்ளைகள் தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். 'கவனமாகப் போடு' என்று நோட்டில் எழுதுவதால் ஒன்றும் மாறாததற்குக் காரணமும் இதுதான். அந்தப் பிள்ளை கவனமாகத்தான் போட்டிருக்கிறது.

சக ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. எந்த எண்களைக் கொடுக்கிறோம் என்பதைக் கொஞ்சம் யோசித்துக் கொடுக்க வேண்டும். 53-க்குப் பதிலாக 52 − 27 என்று கொடுத்துப் பாருங்கள். திருப்பிக் கழிக்கும் பிள்ளைக்கும் 35 வரும், பத்தைக் குறைக்க மறந்த பிள்ளைக்கும் 35 வரும். யாருக்கு எது புரியவில்லை என்று நோட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது. 63 − 28, 41 − 16 எல்லாம் இதே கதைதான். ஒன்றுகள் இடத்தில் இருக்கும் இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 5 ஆக இல்லாமல் பார்த்துக்கொண்டால் விடையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்படித் தேர்ந்தெடுத்த நான்கு கணக்கு, புத்தகத்தில் வரிசையாக இருக்கும் இருபது கணக்கைவிட மேல்.

சரி, பெற்றோர் என்னதான் செய்வது? பக்கத்தில் இருங்கள், இடத்தையும் நேரத்தையும் அமைத்துக் கொடுங்கள். 'இதை எப்படிப் போட்டாய், சொல்லு' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். இது வகுப்புக்கும் பொருந்தும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்புகளைப் பதிவுசெய்து காட்டினார். அதை மூன்று விநாடியாக நீட்டியதுமே பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது கேட்கச் சிறிதாக இருக்கும். விடை தெரிந்த பெரியவருக்கு அது மிக நீளம். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

கணக்கென்றாலே பதறும் பெற்றோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. கணக்குப் பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டு குறைவாகக் கற்றிருந்தார்கள், அவர்களுக்கும் கணக்குப் பயம் கூடியிருந்தது. அதே பயம் இருந்தும் அதிகம் உதவாத பெற்றோரின் பிள்ளைகளிடம் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. எனவே உங்களுக்கு வராது என்றால் விட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை.

எங்கள் பக்கமும் திருத்திக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. வகுப்பில் நடத்தி முடிக்காததை 'மீதியை வீட்டில் எழுதி வா' என்று அனுப்புவதை வீட்டுப்பாடம் என்று சொல்ல மாட்டேன். புதிய பாடத்தைப் பெற்றோர் தலையில் கட்டுவதுதான் அது. படித்த பெற்றோர், நேரம் உள்ள பெற்றோர் இருக்கும் வீட்டுப் பிள்ளை முடித்து வரும். மற்ற பிள்ளை காலையில் தலைகுனிந்து நிற்கும். அன்றைய பாடத்தில் வகுப்பிலேயே ஒருமுறை தானாகச் செய்து பார்த்த ஒன்றை மட்டும் கொடுத்தால், எந்த வீட்டுப் பிள்ளையும் தனியாக உட்கார்ந்து முயலலாம்.

'பத்து முறை எழுதி வா' என்பதையும் பார்த்துவிடுவோம். சொல்வதெழுதலில் 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதிய பிள்ளைக்கு இந்தத் தண்டனை கிடைக்கிறது. பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? முதலில் 'ப' என்ற எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து தடவை எழுதும். அப்புறம் அதன் பக்கத்தில் 'ள்' பத்து, கடைசியில் 'ளி' பத்து. சொல் என்று ஒன்றை அது எழுதவே இல்லை. கை வலித்ததுதான் மிச்சம். அதைவிட, சொல்லை ஒருமுறை பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, மூடிவைத்துவிட்டுப் பார்க்காமல் எழுதி, திறந்து தானே சரிபார்ப்பது நல்லது. மூன்று தடவை போதும். மறுநாளும் அதற்கடுத்த சில நாள் கழித்தும் அதே சொல்லைத் திரும்பக் கேட்க வேண்டும். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நழுவுகிறது என்று ஹெர்மன் எபிங்காஸ் என்ற உளவியலாளர் 1885-இல் தன்னையே சோதித்துக் கண்டறிந்தார். இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்பதுதான் அதற்கு மருந்து. ஒரே மாலையில் பத்து தடவை எழுதுவதால் அந்த நழுவல் நிற்காது.

எவ்வளவு நேரம் என்ற கேள்வி எப்போதும் வரும். வீட்டுப்பாட ஆய்வுகளைப் பல ஆண்டுகள் தொகுத்துப் பார்த்த ஹாரிஸ் கூப்பர், தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடத்தின் அளவுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மிகவும் மெலிந்தது என்கிறார். வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கை அவர் ஆதரிக்கிறார். முதல் வகுப்புக்குப் 10 நிமிடம், மூன்றாம் வகுப்புக்கு 30. எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துத்தான் இந்த 30, பாடத்துக்கு 30 இல்லை. 6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். கண் சொருகும் பிள்ளையை எழுப்பி வைத்து எழுதவைக்கும் அளவுக்கு எந்தத் தொடக்கப்பள்ளி வீட்டுப்பாடமும் முக்கியம் இல்லை.

அதனால் நேரம் கடந்தால் பிள்ளை எங்கே நின்றதோ அங்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கீழே நீங்கள் 'இதுவரை 20 நிமிடம் ஆனது, மூன்றாவது கணக்கில் நின்றுவிட்டாள்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். இப்படி ஒரு வரி வந்தால் காலையில் அந்தப் பிள்ளையைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

கடைசி மணி அடிக்கும் நேரத்தில், பை மூடும் சத்தத்துக்கு நடுவே வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடும் வழக்கத்தையும் நாங்கள் விட வேண்டும். மெதுவாக எழுதும் பிள்ளை பாதியில் விட்டுவிட்டு ஓடும். வீட்டில் 'என்ன வீட்டுப்பாடம்' என்று கேட்டால் அதற்கே தெரியாது, திட்டு வாங்கும். கடைசிப் பாடவேளைக்கு முன்பே எழுதிப்போட்டு, முதல் கணக்கை வகுப்பிலேயே போடவைத்து, நடந்து பார்த்துவிட்டு அனுப்பினால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை அன்றைய பாடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை.